மண்ணின் தாங்குரிமையும் நிலத்தடி நீரும்

(தில்லி முனிர்காவில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

தலைநகரின் தென்மேற்கே உள்ள முனிர்கா, பெயரளவில் இன்றும் ஒரு கிராமமே. அதன் வயல்களில் பெரும்பகுதி அரசால் கையகப்படுத்தப்பட்டு, ராமகிருஷ்ணபுரம் போன்ற குடியிருப்புகளாகவும், 1969இல் நிறுவப்பெற்ற ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் வளாகமாகவும் மாறிவிட்டது. எஞ்சியிருப்பது 'லால் டோரா' எல்லைக்குள் அடங்கிய பழைய ஊர் மட்டுமே. இத்தகைய ஊர்ப்பகுதிகளுக்கு 1963ஆம் ஆண்டின் அறிவிக்கை கட்டட விதிகளிலிருந்து விலக்களித்தது. அதன் விளைவைச் சந்துகளில் காணலாம். சுவரோடு சுவர் ஒட்டி நான்கு, ஐந்து மாடிகள் எழுந்துள்ளன. ஒருவர் பழைய வீட்டை இடித்து அடித்தளம் தோண்டினால், அண்டை வீட்டுச் சுவர் வெட்டவெளியில் நிற்கிறது.

இவ்வாறான இடத்தில் நில உடைமையாளருக்கு இரண்டு ஐயங்கள் எழுவது இயல்பு. அடுத்த மனைக்காரர் தோண்டியதால் தம் நிலம் சரிந்தால் சட்டம் துணை நிற்குமா? அவர் இறக்கிய ஆழ்துளைக் கிணற்றால் தம் கிணறு வற்றினால் துணை நிற்குமா? முதற்கேள்விக்குச் சட்டம் 'ஆம்' என்கிறது. இரண்டாவதற்கு நெடுங்காலமாக 'இல்லை' என்றே சொல்லி வந்துள்ளது.

இவ்விரண்டு விடைகளும் ஒரே சட்டத்தில், ஒரே பிரிவில் அடங்கியுள்ளன. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது சென்னை மாகாணத்திலும் மத்திய மாகாணத்திலும் குடகிலும்தான். பின்னர் அது வேறு பகுதிகளுக்கும் விரிவடைந்தது. விரிவடையாத இடங்களிலும் அதன் கோட்பாடுகளை நீதிமன்றங்கள் நியாயம் கருதிப் பின்பற்றின. அதன் 7ஆம் பிரிவு, இயற்கை நிலையிலுள்ள ஒவ்வொரு நிலத்துக்கும் பக்கத்து மண்ணும் அடிமண்ணும் இயல்பாகத் தரும் தாங்குதலைப் பெறும் உரிமை உண்டு என்று எடுத்துக்காட்டுடன் கூறுகிறது. அதே பிரிவின் வேறோர் எடுத்துக்காட்டு, வரையறுக்கப்பட்ட கால்வழியில் ஓடாத நிலத்தடி நீர் அனைத்தையும் தன் எல்லைக்குள் திரட்டிக்கொள்ளவும் செலவிடவும் நில உடைமையாளருக்கு உரிமையளிக்கிறது. எவ்வளவு எடுக்கலாம் என்ற அளவு அங்கே இல்லை.

ஆற்று நீருக்கோ ஓடை நீருக்கோ இச்சலுகை கிடையாது என்பதையும் இங்கே சேர்த்துக் கருத வேண்டும். கரையோர நில உடைமையாளர் குடிக்கவும், கால்நடைக்கும், பாசனத்துக்கும் நீர் எடுக்கலாம். ஆயினும் தம்மைப் போன்ற பிற கரையோரத்தாருக்குக் கணிசமான கேடு விளைவிக்கலாகாது. கண்ணுக்குத் தெரியும் நீருக்கு வரம்பு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நீருக்கு இல்லை.

காலப்போக்கில் உரிமை முதிர்வதிலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. கட்டடத்தின் சுமையைப் பக்கத்து நிலம் இருபது ஆண்டுகள் தடையின்றித் தாங்கி வந்திருந்தால், 15ஆம் பிரிவின்படி அந்தத் தாங்குதல் உரிமையாகிவிடும். ஆனால் நூறாண்டுகள் ஒரே கிணற்றில் நீர் இறைத்தவருக்கும் அந்நீரில் இவ்வழியே உரிமை முதிராது; 17ஆம் பிரிவு அதனை வெளிப்படையாகவே விலக்கியுள்ளது.

இதன் மூலம் இங்கிலாந்தில் இருக்கிறது. 1843இல் லங்காஷயரில் நிலக்கரிச் சுரங்கத்தால் வற்றிய ஒரு கிணறு பற்றிய வழக்கிலும் (ஆக்டன் எதிர் பிளண்டெல்), 1859இல் கிராய்டன் நகரக் கிணற்றால் நீர் குறைந்த ஆலை ஒன்றின் வழக்கிலும் (சேஸ்மோர் எதிர் ரிச்சர்ட்ஸ்) நிலத்தடி நீரை எடுப்போர் மீது பொறுப்பு சுமத்தப்படவில்லை. மண்ணுக்குள் நீர் எவ்வாறு நகர்கிறது என்பதை அறிய இயலாத காலம் அது. அன்றைய அறியாமை அன்றைய சட்டத்துக்கு ஓரளவு நியாயம் கற்பித்தது எனலாம். நீர்மட்டத்தை அளந்து வரைபடம் தீட்டும் நிலை வந்த பின்னரும் அதே விதியைக் கைக்கொள்வதற்கு அந்த நியாயம் போதாது.

பொருளாதார நோக்கில் பார்த்தால் இவ்விதி ஆழப் போட்டியைத் தூண்டுகிறது. பக்கத்துக்காரர் நூறடி இறங்கினால் இவர் இருநூறடி இறங்க வேண்டும். விட்டுவைக்கும் நீர் தமக்கு மிஞ்சும் என்ற உறுதி எவருக்கும் இல்லை. கோவை மாவட்ட உழவர்கள் இதனை நன்கறிவர். முனிர்காவில் வேறொரு குறையும் உண்டு. உரிமை நிலத்தோடு ஒட்டியது. ஆகவே வாடகை அறைகளில் தங்கிப் படிக்கும் மாணவருக்கும் கூலித் தொழிலாளிக்கும் அதில் நேரடிப் பங்கில்லை. பழைய முனிர்காவின் படிக்கிணறு ஒன்று இன்று ராமகிருஷ்ணபுரம் 5ஆவது செக்டாரில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. லோதி காலத்தில் மக்கள் படியிறங்கி நீர் முகந்தார்கள். இன்று தென் தில்லியின் சில பகுதிகளில் நீர்மட்டம் 60 மீட்டருக்கும் கீழே உள்ளது. ஆரவல்லித் தொடரின் பாறைப்பகுதியில் வெடிப்புகளிலும் சிதைந்த பாறையிலுமே நீர் தங்கும் என்பதையும் மறக்கலாகாது.

சட்டம் மண்ணையும் நீரையும் பிரித்து வைத்தாலும் இயற்கை அவ்வாறு பிரிக்கவில்லை. 1869இல் இங்கிலாந்தில் (பாப்பிள்வெல் எதிர் ஹாட்கின்சன்) பக்கத்து நிலத்தின் நீர் வடிக்கப்பட்டதால் சில வீடுகள் அமிழ்ந்தன. மண்ணின் தாங்குதலுக்கு உரிமை உண்டு. மண்ணுக்குள் இருக்கும் நீரின் தாங்குதலுக்கு உரிமையில்லை என்று முடிவாயிற்று. நூறாண்டு கழித்து 1969இல் சர்ரி மாவட்ட வழக்கிலும் அதுவே முடிவு. தோண்டி ஒரு வீட்டைச் சாய்த்தால் குற்றம். இறைத்துச் சாய்த்தால் குற்றமில்லை!

இந்தியாவில் இது வெறும் ஏட்டு வினா அன்று. 2019 ஆகஸ்ட் 31 அன்று கொல்கத்தா பவ்பஜாரில் மெட்ரோ சுரங்கம் தோண்டும் இயந்திரம் நீர்கொள் படுகையைத் தொட்டது. நீரும் அதனுடன் மண்ணும் சுரங்கத்துக்குள் பாய்ந்தன. மேலிருந்த பழைய வீடுகள் இடிந்தன, குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. முனிர்காவுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள கபஷேராவில் எவரும் சுரங்கம் தோண்டவில்லை. எனினும் 2022இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு, 2014–16இல் ஆண்டுக்கு சுமார் 11 சென்டிமீட்டரும் பின்னர் 17 சென்டிமீட்டரும் அங்கு நிலம் தாழ்ந்ததாகக் கணக்கிட்டது. நிலத்தடி நீரை மிகையாக எடுத்ததே காரணம் என்று அது கருதியது. ஆயிரக்கணக்கான குழாய்களில் எது அண்டை வீட்டைத் தாழ்த்தியது என்று எந்த நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க முடியும்? மேலும் 34ஆம் பிரிவின்படி, தாங்குதல் அகற்றப்பட்டாலும் கணிசமான சேதம் நேர்ந்த பின்னரே இழப்பீடு கோரலாம். வீடு விரிசல் காணும் வரை காத்திருக்க வேண்டும்.

தனியார் வழக்கால் தீராததை அரசின் ஒழுங்குமுறை தீர்க்க முற்பட்டது. 1970இலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு ஒரு மாதிரி மசோதாவை அனுப்பியது, ஏற்றவை சிலவே. சென்னைப் பெருநகருக்கு 1987இல் தனிச்சட்டம் வந்தது. உச்ச நீதிமன்றத்தின் 1996 டிசம்பர் ஆணையைத் தொடர்ந்து, 1997இல் மத்திய நிலத்தடி நீர் ஆணையம் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டது. உரிமையின் தன்மை குறித்து நீதிமன்றங்களே ஒருமித்த கருத்தில் இல்லை. கேரளத்தின் பிளாச்சிமடை வழக்கில், நிலத்தடி நீர் மக்களுக்காக அரசு காக்கும் பொதுச் சொத்து என்று 2003 டிசம்பரில் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005இல் அதே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு நில உடைமையாளரின் உரிமையை மீண்டும் நிலைநாட்டியது. ஆலை இனி இயங்காது என்று தெரிவிக்கப்பட்டதால் 2017இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது; கேள்வி விடையின்றி நின்றுவிட்டது.

தாங்குரிமையின் பக்கம் நிலைமை இதைவிடத் தெளிவு. 1978ஆம் ஆண்டின் மெட்ரோ இரயில்வே (பணிகள் கட்டுமானம்) சட்டம், நிலத்தை முழுமையாக எடுக்காமல் அதனடியில் பயன்பாட்டு உரிமையை மட்டும் கையகப்படுத்தவும், அதற்குத் தொகை வழங்கவும் வழிசெய்கிறது. 2018 மே மாதம் திறக்கப்பட்ட முனிர்கா நிலையம் நிலத்துக்கு அடியில்தான் அமைந்துள்ளது. மண்ணைப் பயன்படுத்துவதற்கு விலை குறித்த சட்டம், அம்மண்ணை நிறைத்து நிற்கும் நீரை எடுப்பதற்கு விலை குறிக்கவில்லை.

முன்பு சொன்ன ஆய்வில் துவாரகா பற்றிய குறிப்பும் உண்டு. தொடக்கத்தில் தாழ்ந்துவந்த அந்நகரப்பகுதி, குழாய்க் கிணறுகளுக்குக் கட்டுப்பாடும் மழைநீர்ச் சேகரிப்பும் குளங்களின் சீரமைப்பும் நடைமுறைக்கு வந்து நீர்மட்டம் உயர்ந்தபின், மெல்ல மேலெழத் தொடங்கியது. கபஷேராவும் துவாரகாவும் சில கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளன.