நாட்டுப்புற மாளிகையில் ஒரு பகல் விருந்து

விருந்து என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள். புதியவராய் வீடு தேடி வருபவரும் விருந்து. அவருக்குப் படைக்கும் உணவும் விருந்து. விலை கொடுத்து உண்ணும் இடத்துக்கு இச்சொல் பொருந்துமா என்று நேயர்கள் கேட்கலாம். இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகை ஓட்டல் ஒன்றிலே நண்பர் சிலர் கூடி உண்ணும் பகற்போசனத்தை உற்று நோக்கினால், இக்கேள்விக்கு விடை கிடைக்கும்.

இம்மாளிகைகள் ஒரு காலத்தில் நிலவுடைமைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளாகும். சுற்றியிருந்த நிலங்களின் வருமானமும் வேலையாட்கள் பலரின் உழைப்புமே அவற்றைத் தாங்கி நின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தானிய விலை வீழ்ந்தது. முதலாம் உலகப் போரிலே வாரிசுகள் பலர் மாண்டனர். மரண வரி உயர்ந்தது. வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பதும் அரிதாயிற்று. கூரையைப் பழுது பார்க்கவும் வழியின்றி, இருபதாம் நூற்றாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாளிகைகள் இடிக்கப்பட்டன. தப்பியவற்றுட் சில பாடசாலைகளாயின, சில ஓட்டல்களாயின. 1948ஆம் ஆண்டில், உணவுப் பங்கீடு நடைமுறையில் இருந்தபோதே, பிரான்சிஸ் கூல்சன் என்பவர் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் ஷாரோ பே என்னும் வீட்டை ஓட்டலாகத் திறந்தார். இவ்வகை ஓட்டல்களுக்கு அது முன்னோடியாகக் கருதப்படுகிறது.

பத்து ஆண்டுகளின் பின், 1958இல், பீற்றர் ஹேர்பேட் என்பவர் சசெக்ஸ் பகுதியிலுள்ள கிரேவ்டை மாளிகையை ஓட்டலாக்கினார். 1598இல் கட்டப்பட்ட கல்வீடு அது. அதன் புகழுக்குக் காரணமானவர் வில்லியம் றொபின்சன். அயர்லாந்தில் 1838இல் பிறந்த அவர், பிரபு ஒருவரின் தோட்டத்தில் வேலைக்காரச் சிறுவனாக வாழ்க்கையைத் தொடங்கினார். 1861இல் இலண்டனுக்கு வந்து, தாவரவியற் பூங்கா ஒன்றிற் பணியாற்றினார். கம்பளம் விரித்தாற்போல் பூக்களை வரிசை பிசகாமல் நடும் அக்கால வழக்கத்தை எதிர்த்து, செடிகள் இயல்பாக வளர வேண்டுமென்று நூல்கள் எழுதினார். அந்நூல்கள் ஈட்டித் தந்த பொருளைக் கொண்டு 1884இல் இம்மாளிகையை வாங்கினார். பிரபுவின் தோட்டத்தில் மண் கொத்திய சிறுவன் மாளிகைக்கே உரிமையாளனான கதை இது. 1935இல் மறையும் வரை அவர் அங்கேயே வாழ்ந்தார்.

அவர் அமைத்த காய்கறித் தோட்டம் இன்றும் பயன் தருகின்றது. முட்டை வடிவமாய் எழுப்பிய கல்மதிலுக்குள், ஏறக்குறைய ஓர் ஏக்கர் நிலத்தில் விளைபவை அங்கிருந்து நேரே சமையலறைக்குச் செல்கின்றன. ஆகவே, அங்கே உண்பவர் தட்டில் என்ன வரும் என்பதைப் பருவகாலமும் தோட்டக்காரரின் கையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

இத்தகைய ஓட்டலுக்கு வரும் நண்பர்கள் நேரே சாப்பாட்டு மேசைக்குச் செல்வதில்லை. மரப்பலகை பொதிந்த அறையில், கணப்படுப்பின் அருகே மெத்தென்ற கதிரைகளில் அமர்கின்றனர். உணவுப் பட்டியல் அங்கேயே கைக்கு வருகிறது. ஆயத்தமானதும் பணியாளர் வந்து அழைக்கிறார். 2018இல் கிரேவ்டையில் புதிய போசனசாலை ஒன்று கண்ணாடிச் சுவர்களுடன் திறக்கப்பட்டது. மேசையில் இருந்தபடியே பூந்தோட்டத்தைப் பார்க்கலாம்.

முதலில் சிறிய உணவு, அடுத்து இறைச்சியோ மீனோ மரக்கறியோ, இறுதியில் இனிப்பு. கத்தியும் முள்ளுக்கரண்டியும் வெளிப்புறமிருந்து உள்நோக்கி ஒவ்வொன்றாக எடுக்கப்படும். உண்டு முடிந்ததும் அவற்றைத் தட்டின்மீது சேர்த்து வைத்தால் அதுவே அடையாளம். எல்லோருக்கும் பரிமாறும் முன் ஒருவர் உண்ணத் தொடங்குவதில்லை. தமிழர் பந்தியிலும் இவ்வொழுங்கு உண்டு. எந்தக் கரண்டியை எடுப்பதெனத் தடுமாறும் நண்பரைக் கண்டும் காணாதவர்போல் இருப்பதே அனைத்திலும் மேலான நாகரிகம்.

இவ்வுணவுக்கு விலை அதிகம், எல்லோருக்கும் எட்டக்கூடியதன்று. எனினும் முன்னாளில் இம்மேசைக்கு வரப் பணம் மட்டும் போதாது. குலமும் அழைப்பும் வேண்டும். சமையற்காரியும் தோட்டக்காரனும் பணியாளர் கூடத்திலேயே உண்டனர். இன்றோ ஓர் ஆசிரியை, ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், ஒரு தாதி, ஆண்டெல்லாம் சிறுகச் சேமித்து, பழைய பள்ளித் தோழர்களாய் அங்கே கூடலாம். அவர்கள் கொடுக்கும் பணமே கூரையைக் காக்கின்றது, தோட்டக்காரருக்குச் சம்பளமாகின்றது. விருந்தினர் வராவிட்டால் வீடு நிலைக்காது.

உணவு முடிந்தபின் நண்பர்கள் மீண்டும் கணப்படுப்பருகே சென்று கோப்பி அருந்துகின்றனர். எழுந்து போகும்படி எவரும் அவசரப்படுத்துவதில்லை. இளமைக் கதைகள் வருகின்றன. மறைந்துபோன தோழர் ஒருவரின் பெயர் வருகிறது. சிறிது நேரம் பேச்சு நிற்கிறது. வெளியே மாலை வெயில் தோட்டத்தில் சாய்கின்றது. புதியவரை ஏற்று, பசி தீர்த்து, மனம்விட்டுப் பேச நேரமும் தருகின்ற இடத்தை விருந்தகம் என்று அழைப்பதிற் பிழையில்லை.