அட்டையில் உள்ள பெயரைப் பாருங்கள்
(குடுபல்லியில் ஆற்றிய உரை)



இன்று ஒரு மாத்திரையைப் பற்றிப் பேசுவோம். ரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை அது. உங்களில் சிலர் அதைச் சாப்பிட்டு வருவீர்கள். சிலருக்கு அது எதற்கு என்றே தெரியாது. சர்க்கரை மாத்திரை, பி.பி. மாத்திரையோடு அதுவும் பையில் வந்திருக்கும்.

இந்தக் கொழுப்புக்குக் கொலஸ்ட்ரால் என்று பெயர். அது நமக்கு எதிரி அல்ல. உடம்புக்கு அது வேண்டும். நம் ஈரலே அதைத் தயாரிக்கிறது. அளவு மீறினால்தான் தொல்லை. ஆழ்துளைக் கிணற்றுக் குழாயைக் கழற்றிப் பார்த்திருப்பீர்கள். உள்ளே வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். தண்ணீர் வரும் வழி சுருங்கிப் போயிருக்கும். ரத்தக் குழாயிலும் கொழுப்பு அப்படித்தான் படிகிறது. நெஞ்சுக்குப் போகும் குழாய் அடைத்தால் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாய் அடைத்தால் பக்கவாதம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கொழுப்பு ஏறினால் வலிக்காது. தலை சுற்றாது. ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். "நான் ஒல்லி, எனக்கு ஏது கொழுப்பு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒல்லியானவருக்கும் வரும். பரம்பரையாகவும் வரும்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று அச்சடித்து விற்கிறார்கள். நம் கடலை எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. செடி கொடியில் கிடைக்கும் எந்த எண்ணெயிலும் கிடையாது. அதைப் பெருமையாகச் சொல்லி விற்பது வியாபாரத் தந்திரம்தான். ஆனால் வனஸ்பதியும் பாமாயிலும் நம் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் கூட்டும். அவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மாத்திரைக்கு வருவோம். இதைக் கண்டுபிடித்தவர் அகிரா எண்டோ. ஜப்பான் நாட்டில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 2024-இல் காலமானார். அவர் 6,000 வகைப் பூஞ்சணங்களைச் சோதித்துப் பார்த்தார். அரிசியில் பூத்த ஒரு பூஞ்சணத்தில் 1973-இல் அந்த மருந்து கிடைத்தது. ஈரல் கொழுப்புத் தயாரிப்பதை அது தடுத்தது. அந்த வழியில் வந்த மருந்துகளுக்கெல்லாம் ஸ்டாடின் என்று பெயர். அதற்காகப் பூஞ்சணம் பிடித்த அரிசியை யாரும் ஆக்கித் தின்ன வேண்டாம். அதில் விஷமும் உண்டு!

இது உண்மையில் உயிரைக் காக்கிறதா? வட ஐரோப்பிய நாடுகளில் 4,444 நெஞ்சு நோயாளிகளிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு ஸ்டாடின் மாத்திரை. மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். முடிவு 1994-இல் வந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 256 பேர் இறந்திருந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 182 பேர். கழித்துப் பாருங்கள். 74 உயிர்.

இப்படிப்பட்ட நல்ல மருந்தை நாம் எப்படிச் சாப்பிடுகிறோம்? குடுபல்லிக்காரர்களின் நிலைமை கொஞ்சம் விசேஷமானது. ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறோம். குப்பத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பெரிய வியாதி என்றால் வேலூருக்கும் திருப்பதிக்கும் போகிறோம். ஓரிடத்தில் டாக்டர் தெலுங்கில் சொல்வார். ஓரிடத்தில் கன்னடம். ஓரிடத்தில் தமிழ். மாத்திரை அட்டையில் இருப்பதோ இங்கிலீஷ்.

ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரில் வேலை செய்யும்போது அங்கே ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அட்டை நீல நிறம். ஊருக்கு வந்தவர் பழைய சீட்டைக் கொண்டுவரவில்லை. இங்கே வேறு டாக்டரிடம் போனார். அவரும் மாத்திரை எழுதினார். இந்த அட்டை பச்சை நிறம். இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்து, இரண்டையும் விழுங்குகிறார். உண்மையில் இரண்டும் ஒரே மருந்து. கம்பெனிதான் வேறு. ஒரு நாள் மருந்து இரண்டு மடங்காகிவிட்டது. டாக்டருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க இங்கிலீஷ் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. பெரும்பாலான அட்டைகளில் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இன்னொன்று மருந்தின் சொந்தப் பெயர். அது மாறாது. அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் என்று இருக்கும். எல்லாம் "ஸ்டாடின்" என்றே முடியும். இங்கிலீஷில் அந்தக் கடைசி 6 எழுத்தும் ஒன்றுபோல இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் அந்த 6 எழுத்தையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தாளை அட்டையின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கோலத்தில் புள்ளி பார்க்கும் கண்ணுக்கு இது பெரிய வேலையா?

இரண்டு அட்டையிலும் அந்த எழுத்து இருந்தால், இரண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். சில மாத்திரைகளில் ஆஸ்பிரினும் ஸ்டாடினும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

பெயருக்குப் பக்கத்தில் 10, 20, 40 என்று எண் இருக்கும். அது மருந்தின் அளவு. போன மாதம் 10 என்று இருந்தது, இந்த மாதம் 40 என்று இருந்தால், கடைக்காரரை ஏன் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. மருந்து காலாவதியாகும் மாதமும் வருடமும் அட்டையில் இருக்கும். காசு போதாமல் நாலு மாத்திரை வெட்டி வாங்குகிறோம். அப்போது பெயரும் தேதியும் மற்ற துண்டில் போய்விடும். அதைக் கடைக்காரரிடம் பார்த்துக் குறித்துக்கொண்டு வாங்குங்கள். ஜன் ஔஷதி கடையில் அதே மருந்து குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

அளவு கூடினால் என்ன ஆகும்? 2001-இல் ஒரு ஸ்டாடின் மருந்தை உலகம் முழுவதும் கடையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதன் பெயர் செரிவாஸ்டாடின். தசை சிதைந்து 52 பேர் இறந்ததாகக் கணக்கு வந்தது. பலர் அதிக அளவில் சாப்பிட்டவர்கள், அல்லது இன்னொரு கொழுப்பு மருந்தைச் சேர்த்துச் சாப்பிட்டவர்கள். அந்த மருந்து இப்போது இல்லை. இப்போது உள்ளவை அதைவிடப் பத்திரமானவை. பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது.

ஆனாலும் அறிகுறியைத் தெரிந்துகொள்ளுங்கள். நாள் முழுக்கக் களை வெட்டினால் உடம்பு வலிக்கும். அது வேறு. வேலை ஒன்றும் செய்யாமலே இரண்டு தொடையும் வலிக்கிறது, உட்கார்ந்தால் எழ முடியவில்லை, சிறுநீர் காப்பி டிகாஷன்போலப் போகிறது என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண் மஞ்சளானாலும் அப்படியே. சளிக்கோ காய்ச்சலுக்கோ வேறு மருந்து எழுதும்போது, "நான் கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள். சில ஆன்டிபயாடிக் மருந்துகள் இதோடு சேரக்கூடாது. நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். குடிப்பழக்கத்தையும் மறைக்காதீர்கள். ஈரல் இரண்டு பாரத்தைச் சுமக்கும்.

தாய்மார்களே, கர்ப்பம் என்று தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பால் கொடுப்பவர்களும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பொதுவாக இந்த மாத்திரையைக் கொடுப்பதில்லை.

ஒரு நாள் மறந்துவிட்டால், நினைவு வந்தபோது சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்து விழுங்காதீர்கள்.

கடைசியாக, நான் அதிகம் பயப்படுகிற விஷயம். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எல்.டி.எல். என்று ஒரு வரி இருக்கும். அதுதான் கெட்ட கொழுப்பு. அது 100-க்குள் இருக்க வேண்டும். சர்க்கரை, பி.பி. உள்ளவர்களுக்கு 70-க்குள். மாரடைப்பு வந்தவர்களுக்கு 55-க்குள். இந்திய இதய மருத்துவர் சங்கம் 2024-இல் சொன்ன கணக்கு இது. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டதும் எண் இறங்கும். "நல்லாயிடுச்சு" என்று நிறுத்திவிடுகிறோம். மாத்திரையால்தான் இறங்கியது. நிறுத்தினால் சில வாரத்திலேயே மறுபடி ஏறிவிடும். அப்போதும் வலிக்காது. நிறுத்துவதா, குறைப்பதா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

மாத்திரை அட்டை கொண்டுவந்தவர்கள் முன்னால் வாருங்கள். அந்த 6 எழுத்தைப் பலகையில் எழுதுகிறேன். உங்கள் அட்டையில் இருக்கிறதா என்று பார்ப்போம்.