மண் சுமந்தவன் பேர் எங்கே?

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அணைன்னா பாபநாசமும் மணிமுத்தாறும்தான் நமக்கு நினைப்பு வரும். நான் பேச வந்தது குளத்தங்கரையைப் பற்றி. அதுவும் அணைதான், மண்ணணை. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அங்கே பிரியும் கால்வாய்கள் குளங்களை நிரப்பும். ஒரு குளத்து மறுகால் தண்ணி அடுத்த குளத்துக்குப் போகும். மழைவெள்ளத்தை மறித்து, வேகத்தை அடக்கி அனுப்புவது இந்தக் கரைகள்.

மண்கரை எப்படி உடையும்? நண்டு வளை, எலி வளையில கசிவு தொடங்கும். கவனிக்காம விட்டா கரையையே அறுத்துரும். மறுகால் அடைபட்டா தண்ணி கரைக்கு மேல வழியும். வழிஞ்சா மண் நிக்காது. இது நான் புத்தகத்துல படிச்சதில்ல. 1992 நவம்பர் வெள்ளத்துல எங்க அய்யா ராத்திரி பூரா கரையில நின்னாக. பனந்தடி ஊன்றி, வைக்கோலும் மண்மூட்டையும் போட்டு அடைச்சாக. விடியும்போது கரை நின்னுச்சு. நிலக்காரர் வீட்டிலிருந்து காப்பி வந்தது. எங்க அய்யாவுக்குச் சிரட்டையில.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. 1858இல் வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டான். குளக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் ஆபத்து வந்தால், ‘உழைக்கும் வகுப்பு’ ஆண்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம். அந்த வகுப்பு எந்தத் தெருவில் இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லணுமா?

2000இல் நம்ம அரசு பாசனத்தை விவசாயிகளே நிர்வகிக்கச் சட்டம் கொண்டுவந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கம், தேர்தல், தலைவர் எல்லாம் உண்டு. நிலத்தோடு பேர் பதிந்தவருக்கு ஓட்டு. கூலிக்கு மண் சுமந்தவனுக்கு இல்லை. கரை உடையப்போகுதுன்னா நாம ஆள். குளத்துக்கு என்ன செய்யலாம்னு பேசும்போது நாம ஆளில்லை.

2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை. பல குளங்கள் உடைந்தன. மேல்குளம் உடைஞ்சா அந்த வெள்ளம் கீழ்க்குளத்தின் தலையில்தான். இம்மாம் மழையை எந்தக் கரை தாங்கும் என்று கேட்கிறார்கள். நியாயம்தான். ஆனா கரை மெலியறதும் மறுகால் தூர்ந்துபோறதும் ஒரே ராத்திரியிலா நடக்கு? கரைக்குக் கீழே பள்ளத்தில் குடியிருக்கிறவன் யாரு?

அதனால் மூணு கேட்கிறோம். சங்கத்தில் நிலமற்ற உழைப்பாளிக்கும் நம்ம பெண்களுக்கும் ஓட்டு. மடையும் கரையும் பார்க்கிறவருக்கு மாசச் சம்பளம். பள்ளத்தில் இருக்கிறவருக்கு மேட்டில் மனைப்பட்டா.

குளம் உடைஞ்சா முதலில் முங்குறது நம்ம வீடு. அதனால் கரையை விட்டுட்டுப் போகமாட்டோம். ஆனா மண்வெட்டியைத் தூக்குமுன்னே கேட்போம்: எங்க பேர் எங்கே?