மணி அடிக்காத நேரம்

(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் முதலாண்டு மாணவர்களிடையே ஆற்றிய உரை)

 

நேரத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். "காலம் பொன் போன்றது" என்பதைச் சின்ன வகுப்பிலிருந்தே கேட்டுச் சலித்திருப்பீர்கள். அதை விட்டுவிட்டுக் கணக்குப் பேசுவோம்.

பள்ளியில் உங்கள் நேரத்தை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். மணி அடித்தால் வகுப்பு. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். வீட்டுக்குப் போனால், "புக்கை எடுத்தியா?" என்று அம்மா. இங்கே வகுப்பு முடிந்தபின் மணி அடிக்க ஆள் கிடையாது. இனி அந்தப் பொறுப்பு உங்களுடையது.

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் தினம் 8 மணி, ஆக 56. வகுப்பு 25. பஸ்ஸில் போக வர 10. குளியல், சாப்பாடு, துணி துவைப்பது எல்லாம் தினம் 3 மணி என்றால் 21. கூட்டினால் 112. மீதி 56! "டைமே இல்ல சார்" என்கிறோமே, தூங்குகிற அளவுக்கு நேரம் மிச்சம் இருக்கிறது. செல்போனுக்கு தினம் 3 மணி கொடுத்தால் அதில் 21 போய்விடும்.

ஆனால் எல்லாருக்கும் இதே கணக்கு வராது. இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளைக்கும், மாலையில் கடையில் நின்று ஃபீஸ் கட்டுகிற தம்பிக்கும் 20 மணி மிஞ்சினாலே பெரிது. தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பக்கம் கூடுதல் நேரம் கேட்கும். அது அறிவுக் குறைவு இல்லை. அதையும் கணக்கில் சேருங்கள். ஹாஸ்டல் நண்பனின் டைம்டேபிளைப் பார்த்து எழுதாதீர்கள். உங்கள் வாரத்தை நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

கொஞ்ச நேரம்தான் இருக்கிறதா? அதை எங்கே வைப்பது என்பது முக்கியம். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தம்மையே சோதித்துப் பார்த்து 1885-இல் ஒரு நூல் வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துபோகிறது, அதற்குப் பிறகு மறப்பது மெதுவாக நடக்கிறது என்று கண்டார். அதனால் வகுப்பில் கேட்டதை அன்றைக்கே இருபது நிமிடம் புரட்டிவிடுங்கள். இரண்டு வகுப்புக்கு நடுவே கிடைக்கும் சும்மா நேரமே இதற்குப் போதும்.

இன்னொன்று. பருவத்துக்கு 90 வேலை நாள், 75 சதவீதம் வருகை போதும் என்றால் 22 நாள் லீவு போடலாம் என்று கணக்குப் போடுகிற கெட்டிக்காரர்கள் உண்டு. 22 நாள் என்பது நாலு வாரத்துக்கும் மேல். முதல் மாதமே அதைச் சினிமாவுக்குச் செலவழித்தால், காய்ச்சல் வரும்போது கையில் ஒரு நாளும் இருக்காது.

முதல் பருவத்தில் விழும் அரியர் அங்கேயே நிற்பதில்லை. அடுத்த பருவத்துப் பாடங்களோடு அதையும் சுமக்க வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்க வருகிற பல கம்பெனிகள் அரியர் வைத்திருப்பவர்களை உள்ளேயே விடுவதில்லை. வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரி என்றால், அந்த ஒரு பேப்பருக்காகக் குடும்பமே இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளாமல், புரியாத பாடத்தை முதல் மாதமே ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள்.

இப்படிச் சொல்வதால் விளையாட்டும் அரட்டையும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. பின்வரிசையில் நரைத்த தலையோடு உட்கார்ந்திருக்கிறார்களே, எல்லாரும் மரத்தடியில் மணிக்கணக்காகப் பேசியவர்கள்தான்! அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். இன்று இரவே ஒரு தாளில் உங்கள் 168 மணியை எழுதிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள்.