இசுலாமியக் கலையும் அருங்காட்சியகமும்: நம் கரையிலிருந்து ஒரு நோக்கு



குமரகுருபரர் பிறந்த ஊரில் நின்று பேசுகிறேன். காசியில் மடம் அமைக்க இடம் வேண்டி முகலாய ஆட்சியாளரைக் காணச் சென்ற அடிகளார், கலைமகளைப் பாடி இந்துஸ்தானி மொழியில் வல்லமை பெற்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதனுள் வரலாறு எவ்வளவு, பத்திமை எவ்வளவு என ஆராய்வது இன்றைய என் பணியன்று. வேற்று மரபினரோடு உரையாட அவர்தம் மொழி வேண்டும் என்னும் தெளிவு அதில் இருக்கிறது; அது போதும். அருங்காட்சியகங்கள் இசுலாமியக் கலையைப் பொதுமக்களுக்கு எவ்வாறு எடுத்துரைக்கின்றன என்பது எனக்கு நீங்கள் தந்த பொருள். தமிழ்த் துறையினர்க்கு இதில் என்ன வேலை என எவரும் வினவ வேண்டா. இங்கிருந்து திருச்செந்தூர் செல்லும் இரயிலில் ஏறினால் சிறிது நேரத்தில் காயல்பட்டினம் வந்துவிடும். அவ்வூர்ப் பள்ளிவாசல்களின் கல்தூண்கள் தமிழாராய்ச்சிக்குப் புறம்பானவை அல்ல.

முதற்கண் பெயரை நோக்குவோம். பௌத்தக் கலை, சமணக் கலை என்னும்போது வழிபாட்டோடு இயைந்த பொருள்களையே பெரிதும் கருதுகிறோம். இசுலாமியக் கலை என்னும்போதோ திருக்குர்ஆன் படியும், அரசனின் குத்துவாளும், 1657ஆம் ஆண்டில் ஷாஜகானுக்காகச் செய்த மதுக்கிண்ணமும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. மார்க்கம் விலக்கிய மதுவுக்குரிய கிண்ணம் அம்மார்க்கத்தின் பெயராலேயே வழங்குவது வியப்பன்றோ? நியூயார்க் பெருநகர அருங்காட்சியகத்தார் இவ்விடர்ப்பாட்டை உணர்ந்தனர் போலும். 2003இல் மூடிய தம் கூடங்களை 2011இல் மீண்டும் திறந்தபோது, அரபு நாடுகள், துருக்கி, ஈரான், நடு ஆசியா, பிற்காலத் தெற்காசியா ஆகியவற்றின் கலை என நிலங்களின் பெயரால் அழைத்தனர். பெயர் நீண்டுவிட்டது. ஆயினும் திணை அறிந்து பொருள் உணரும் நமக்கு அது உவப்பான மாற்றமே.

அடுத்து, காட்டும் முறை. ஈரானில் அர்தபில் என்னும் ஊரிலுள்ள ஷெய்க் ஸபியின் அடக்கத்தலத்திற்காக நெய்ததாகக் கருதப்படும் கம்பளம் ஒன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஹிஜ்ரி 946, அதாவது 1539–40ஆம் ஆண்டு, அதிலேயே நெய்யப்பட்டிருக்கிறது. மக்ஸூத் காஷானி என்னும் பெயரும் உண்டு. நீளம் ஏறத்தாழ பத்தரை மீட்டர். 1893இல் இரண்டாயிரம் பவுன் கொடுத்து வாங்கிய அதனை நெடுங்காலம் சுவரில் தொங்கவிட்டிருந்தனர். தரையில் விரிக்க நெய்ததைச் சுவரில் மாட்டியதும் அது ஓவியமாகிவிட்டது. கால்பட்ட வாழ்வு அதனினின்று நீங்கிவிட்டது. 2006இல்தான் தரையில் விரித்து, மேலே கண்ணாடிக் கூடு அமைத்தனர். நிறம் வெளிறாதிருக்க அரைமணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டுமே விளக்கேற்றுகின்றனர். ஒரு பொருள் தான் செய்யப்பட்ட நோக்கத்திற்கேற்பக் கிடப்பதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இக்கம்பளத்தை நினைக்குந்தோறும் நம் பத்தமடைப் பாய் என் கண்முன் விரிகிறது. தாமிரவருணிக் கரைக் கோரையை ஊறவைத்து, மயிரிழைபோற் கிழித்து, பட்டென மடியும் பாயாக நெய்பவர்கள் அவ்வூர் இசுலாமியக் குடும்பத்தார். 1953இல் இங்கிலாந்து அரசியின் முடிசூட்டுக்குப் பரிசாகச் சென்ற பெருமை அதற்கு உண்டு என்பர். மணமக்கள் பெயரை நெய்து சீராகத் தரும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அர்தபில் கம்பளத்தில் மக்ஸூத்தின் பெயர் நிலைத்தது. பத்தமடைப் பாயில் வாங்குவோர் பெயர் உண்டு, நெய்தவள் பெயர் இல்லை. இப்பாயை இசுலாமியக் கலைக்கூடத்தில் வைத்தவர் எவரேனும் உண்டோ? கைவினைப் பொருள் என்னும் பலகையின் கீழ், கூடைக்கும் முறத்துக்கும் பக்கத்தில் இடம் தருவார்கள். கூடையும் முறமும் இழிந்தவை என்று நான் கூறவில்லை. கம்பளம் கலை, பாய் கைத்தொழில் என்னும் தீர்ப்பு எவ்வளவில் முடிந்தது என்றே கேட்கிறேன்.

இங்கேதான் என் மனக்குறை. தமிழ் முசுலிம்களின் கலைச்செல்வம் இசுலாமியக் கூடத்திற்கு மிகுதியும் தமிழாகத் தோன்றுகிறது. தமிழ்க் கூடத்திற்கு மிகுதியும் இசுலாமாகத் தோன்றுகிறது. இரண்டு வாயிலிலும் நின்று, இரண்டிலும் நுழையாது போகிறது. அரபுத்தமிழ்ச் சுவடிகளை எண்ணிப் பாருங்கள். எழுத்து அரபு, மொழி தமிழ். அட்டவணை செய்பவர் அரபு மட்டும் அறிந்தவராயின் அவர்க்குப் பொருள் விளங்காது. தமிழ் மட்டும் அறிந்தவராயின் எழுத்தே விளங்காது. ஈரறிவும் உடையவர் அருகிவரும் இந்நாளில், கறையான் இரண்டையும் பிழையறக் கற்றுவிடுகிறது.

கற்பள்ளிகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. காயல் துறைமுகத்தையும் அங்கு வந்திறங்கிய குதிரைகளையும் மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டில் குறித்தார். அவ்வணிகம் வளர்த்த இக்கரையின் பழைய பள்ளிகள் பலவற்றில் குவிமாடம் இல்லை, மினார் இல்லை. கல் தூண்கள், போதிகைகள், மேலே தட்டையான தளம். மெஹர்தாத் ஷொகூஹி காயல்பட்டினம், கீழக்கரை, மதுரைப் பள்ளிகளை ஆராய்ந்து 2003இல் நூல் வெளியிட்டார். புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியராயிருந்த ஜெ. ராஜா முகமது எழுதிய சோழமண்டலக் கரை முசுலிம்களின் கடல்வரலாற்றை 2004இல் சென்னை அரசு அருங்காட்சியகமே வெளியிட்டது. அறிஞர்க்குத் தெரிந்த இவ்வுண்மை பொதுமக்கள் காணும் கூடத்திற்கு இறங்கி வரவில்லை. நாள்காட்டியிலும் பாடநூலிலும் காட்சிக்கூடங்களிலும் ஈரானையும் தில்லியையும் கண்டு பழகியவர்கள், பள்ளிவாசல் என்றால் குவிமாடம் வேண்டும் என எண்ணத் தலைப்பட்டனர். தொழுவோர் பெருகினர், இடம் போதவில்லை, அது மெய்யே. ஆனால் இடிக்கும்போது, போவது பழங்கட்டடம் மட்டுமே என்றும் வருவதே முறையான வடிவம் என்றும் கருதும் மனம் எங்கிருந்து வந்தது? காட்சிக்கூடம் எதைக் காட்டாது விடுகிறதோ, அதனை உடையவரே மதிக்காது விடுகின்றனர்.

உமறுப் புலவர் இவ்வகையில் நமக்கு நல்லாசிரியர். 17ஆம் நூற்றாண்டில், நபிகள் பெருமானின் வரலாற்றை 5027 பாடல்களில் பாடியவர், அரபு நாட்டைத் தமிழ்க் காப்பிய மரபில் நாட்டுப்படலம், நகரப்படலம் என அமைத்துக் காட்டினார். மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. பாலைநிலத்தில் இது பொருந்துமா எனக் குறைகூறுவோர் உளர். கேட்போர் அறிந்ததிலிருந்து அறியாததற்கு அழைத்துச் செல்லும் வழி அது. எட்டயபுரத்தில் துயிலும் அப்புலவர் செய்ததை, குளிரூட்டிய கூடங்களில் அமர்ந்திருப்போர் இன்னும் செய்யவில்லை.

செய்ய இயலும் என்பதற்குச் சிங்கப்பூர் சான்று. தெலுக் ஆயர் தெருவில் சூலியர் எனப்பட்ட தமிழ் முசுலிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையே எழுப்பிய நாகூர் தர்கா, 1974இல் தேசிய நினைவுச் சின்னமாகி, 2011இல் இந்திய முசுலிம் மரபு மையமாகத் திறக்கப்பட்டது. கட்டடமே அங்கு முதற் காட்சிப்பொருள். தொழுகை நடக்கும் காயல் பள்ளிகளை அவ்வாறு மாற்ற இயலாது, மாற்றவும் கூடாது. ஆனால் இவ்வட்டாரத்து ஆதிச்சநல்லூர் வேறொரு வழியைக் காட்டுகிறது. 1876இல் யாகோர் தோண்டியெடுத்தவை பெர்லினுக்குப் போயின. 2023இல் திறந்த தள அருங்காட்சியகத்திலோ தாழிகளைப் பெயர்க்காது, கிடந்த குழியிலேயே கண்ணாடித் தளத்தின் கீழ் காண்கிறோம். பொருளை இடத்தினின்று பிரிக்காது விளக்கம் மட்டும் தருவது இங்கு நமக்குப் பழகிய முறையாகிவிட்டது. பள்ளிகளை அளந்து வரைவதும், சுவடிகளைப் படமெடுப்பதும், ஊர்ப் பெரியவர்களும் தமிழ்த் துறையினரும் கூடியிருந்து விளக்கப் பலகை எழுதுவதும் பெரும் பொருட்செலவு வேண்டாத செயல்கள். ஆங்கிலத்தில் எழுதிப் பின்னர்த் தமிழாக்கும் பலகைகளை நான் வேண்டவில்லை. அவற்றின் தமிழைப் படித்துக் கண் நொந்தவர்களில் நானும் ஒருத்தி.

அத்தகைய ஒரு பலகைக்கு என் வரைவு இது; திருத்தம் கூறுங்கள்: "தூண். கல். போதிகையும் பூமுனையும் கோயில் மண்டபத்தில் நாம் காண்பவையே. தெய்வ உருவும் யாளியும் நிற்கும் இடத்தில் இங்கே கொடியும் மலரும் உள்ளன. இதன் நிழலில் இவ்வூரார் மேற்கு நோக்கித் தொழுகின்றனர்."