காப்புரிமை வேலியே!

(“பல்கலைக்கழகக் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வேலியா? விலங்கா?” பட்டிமன்றத்தில் ‘வேலியே’ அணிக்காக ஆற்றிய உரை)



எனக்கு முன்னாலே பேசிய நண்பர் ரொம்ப உருக்கமாகக் கேட்டார். “அறிவு என்பது ஊர்ப் பொதுக்கிணறு. அதுக்குப் பூட்டுப் போடலாமா?” போடக் கூடாதுங்க, ஒத்துக்கிறேன். ஆனா கிணத்துக்குக் கைப்பிடிச் சுவர் வேண்டாமா? சுவர் இல்லாத கிணத்துல முதல்ல விழறது தண்ணி எடுக்கப் போன பிள்ளைதானே? (கைதட்டல்)

எங்க ஊர்ல காமாலைக்குப் பச்சிலை கொடுக்கிற பாட்டி ஒருத்தர் இருந்தாங்க. என்ன இலைன்னு பெத்த மகளுக்குக்கூடச் சொல்லலை. பாட்டி போனாங்க, பச்சிலையும் போச்சு! காப்புரிமைச் சட்டம் என்ன சொல்லுது? “உன் ரகசியத்தை ஒளிக்காம எழுதிக் கொடு. அதுக்குப் பதிலா இத்தனை வருஷம் உனக்கு உரிமை. அப்புறம் அது ஊருக்குச் சொத்து.” இன்னைக்கு அந்தக் கணக்கு, மனுப் போட்ட நாளிலிருந்து 20 வருஷம். இது விலங்கா ஐயா?

எங்க அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. 24 வருஷமா காலை இட்லிக்கு முன்னாடி ஒரு ஊசி, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு ஊசி. போட்டு முடிச்சதும் அம்மா சொல்லுவாங்க: “எந்த மகராசன் கண்டுபிடிச்சானோ, அவன் வம்சம் நல்லா இருக்கணும்.” அந்த மகராசன் யாருன்னு நான் தேடிப் படிச்சேன்.

கனடா நாட்டு டொரண்டோ பல்கலைக்கழகம். 1921ஆம் வருஷம். பான்டிங் என்ற இளம் டாக்டர், பெஸ்ட் என்ற மாணவர், இடம் கொடுத்த பேராசிரியர் மக்லியாட், மருந்தைச் சுத்தப்படுத்திய கோலிப். 1922 ஜனவரியிலே லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு ஊசி போட்டார்கள். எலும்பும் தோலுமாய்ச் சாகக் கிடந்த பிள்ளை. முதல் ஊசி சரிவரவில்லை. 12 நாள் கழித்து, கோலிப் சுத்தம் செய்து கொடுத்த மருந்து வேலை செய்தது. அதுக்கப்புறம் அந்தப் பையன் 13 வருஷம் வாழ்ந்தான்.

இப்போ காப்புரிமைக்கு வருவோம். “டாக்டராக இருந்துகொண்டு மருந்துக்கு உரிமை கொண்டாடுவது தர்மம் இல்லை” என்று பான்டிங் முதலில் தன் பெயரையே போட மறுத்தார். அவர் பெயர் இல்லாவிட்டால் உரிமை செல்லாது என்ற நிலை வந்த பிறகுதான் சேர்ந்தார். பிறகு பான்டிங், பெஸ்ட், கோலிப் மூவரும் அந்த உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கே விற்றார்கள். எவ்வளவுக்கு? ஆளுக்கு ஒரு டாலர்! தாய்மார்கள் சங்கிலியிலே கோத்துப் போடுற டாலர் இல்லைங்க. அந்த ஊர்ப் பணத்திலே ஒத்தை நோட்டு! (சிரிப்பு)

சும்மா விட்டிருக்கலாமே, எதுக்குக் காப்புரிமை என்று எதிரணி கேட்கும். அங்கேதான் ஐயா விஷயம் இருக்கு. அவங்க எடுக்கலைன்னா, பின்னாலே வர்ற ஒரு கம்பெனிக்காரன் எடுத்துக்கிட்டு, “இது என் மருந்து, விலை நான் சொல்றதுதான்”னு உட்கார்ந்திருப்பான். பல்கலைக்கழகம் அதைக் கையிலே வச்சுக்கிட்டு, தயாரிக்கிறவங்களுக்கு அனுமதி கொடுத்தது. “மாதிரி அனுப்பு, வீரியம் சரியா இருக்கான்னு நாங்க பார்த்துச் சொல்றோம்”னு நிபந்தனை போட்டது. வீரியம் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து என்கிற மருந்துக்கு இதைவிட நல்ல வேலி உண்டா? (கைதட்டல்)

எதிரணித் தலைவர் மஞ்சளைக் கையிலே எடுத்தார். உண்மைதான். 1995லே அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, புண்ணை மஞ்சளால் ஆற்றுவதற்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம்ம பாட்டி அடுப்படியிலே செய்ததுக்கு அமெரிக்காவிலே பட்டா! ஆனா அடுத்து நடந்ததை அவர் சொல்லலையே? நம் நாட்டு அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம் வழக்காடியது. “இது புதுசு இல்லை” என்று பழைய வடமொழி நூலையும், 1953லே நம் மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் எடுத்துக் காட்டியது. 1997லே ரத்து! எந்தச் சட்டம் ரத்துப் பண்ணிச்சு? அதே காப்புரிமைச் சட்டம். புதுசுக்குத்தான் உரிமை, பழசுக்கு இல்லைன்னு அந்தச் சட்டத்திலேயே இருக்கு.

வேலியே பயிரை மேய்ந்ததும் உண்டு; மறைக்க மாட்டேன். விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீன்பாக், புற ஊதா ஒளியை உணவின் மேலே பாய்ச்சி வைட்டமின் ‘டி’ உண்டாக்கினார். குழந்தைகளுக்குக் கால் வளையுற நோய்க்கு அது மருந்து. காப்புரிமைக்கு ஆன சுமார் 300 டாலர் செலவும் அவர் கைக்காசு. அந்த வருமானம் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கே போகணும்னு 1925லே ஒரு அறநிதி அமைந்தது. ஆனா அதே உரிமையை வச்சு, ஏழைகள் வாங்குற மார்கரினுக்கு அந்த வைட்டமினைக் கொடுக்க மறுத்தார்கள். பால்காரர்கள் பிழைப்புக்காக! அது தப்பு. கடைசியிலே 1940களில் நீதிமன்றம் அந்தக் காப்புரிமையே செல்லாதுன்னு சொல்லிடுச்சு.

இன்சுலின் விலை பின்னாலே அமெரிக்காவிலே எகிறியதும் உண்மை. ஆனா அதை ஏத்தினது டொரண்டோவின் உரிமை இல்லை. அது எப்பவோ காலாவதி. பின்னாலே வந்த புதுவகை இன்சுலினைக் கையிலே வச்சிருந்த கம்பெனிகள் ஏத்தின விலை அது. அதனாலே, வேலி வேணுமா வேணாமாங்கிறது கேள்வியே இல்லை. படலைத் திறக்கிறவன் மனசு எப்படின்னுதான் பார்க்கணும்.

நான் படிச்சதையெல்லாம் அம்மாகிட்டே சொன்னேன். அம்மா ஊசியைக் கையிலே வச்சுக்கிட்டே கேட்டாங்க: “ஏன்டா, இவ்வளவு பெரிய சொத்தை வித்துட்டு அந்தப் பிள்ளைங்க ஒத்தை ரூபாயா வாங்கினாங்க?” “ஆமாம்மா.” கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னாங்க: “அப்ப மீதியை நான்தான்டா அனுபவிக்கிறேன்.”

அந்த மீதி 24 வருஷம் ஐயா! அதைக் காத்துக் கொடுத்தது வேலியே என்று சொல்லி, நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)