குற்றாலத்தில் திறவாத கதவு

(தென்காசிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாரல் தூறுகிறது, நீங்களோ குடையும் கையுமாக அமர்ந்திருக்கிறீர்கள். மழைக்கு அஞ்சி மேடையைவிட்டு ஓடுபவன் அல்லன் நான். கல்லூரியைவிட்டு ஓடியவன், அதை மறைப்பதற்கில்லை! பட்டம் பெறாதவன் வரலாறு பேசுவதா என்று வினவுவோருக்குச் சொல்வேன்: சென்ற ஞாயிறன்று எனக்கு ஒரு கல்லூரி கிடைத்தது. அது தென்காசிக் கோபுர வாயிலில் தொடங்கிக் குற்றாலத்துப் பேரருவியில் முடிந்தது. ஆசிரியர், எழுபது கடந்த பெரியவர். பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். மாணவர், நம் இளைஞர் இருபதின்மர். கட்டணம் இல்லை, கால்வலி உண்டு.

15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயிலின் வாயிலில் எந்நேரமும் காற்று வீசும். "இந்தக் காற்றைத் தேடித்தான் தம்பி, துரைமார் வந்தார்கள்" என்று தொடங்கினார் பெரியவர். திருநெல்வேலி வெயிலில் வெந்த வெள்ளை அதிகாரிகள், தென்மேற்குப் பருவம் பிறந்ததும் குற்றாலத்திற்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் இளைப்பாற மாளிகைகள் எழுந்தன. திருவிதாங்கூர் மன்னரும் இங்கே ஓர் அரண்மனை வைத்திருந்தார். அது பிற்காலத்தில் கேரள அரசின் உடைமையாயிற்று. அருவி எவருக்கும் அடைக்குந்தாழ் போடவில்லை. அடைத்தவர்கள் மனிதர்கள்தாம்.

காற்று மட்டுமா அவர்களை ஈர்த்தது? கிராம்பும் சாதிக்காயும் ஈர்த்தன! அந்நாளில் அவை ஒல்லாந்தரின் கிழக்குத் தீவுகளில் விளைந்த பொன். 1796இல் அத்தீவுகளை ஆங்கிலேயர் கைப்பற்றினர். அங்கு விளைந்த நறுமணப் பயிர்களைக் குற்றால மலைச்சாரலிலும் வளர்த்துப் பார்த்தது கும்பினி. மண் நம்முடையது, மழை நம்முடையது, மண்வெட்டி பிடித்த கையும் நம்முடையது. கணக்குப் புத்தகம் மட்டும் அவர்களுடையது! வழியோரத்தில் மங்குஸ்தான் பழத்தைக் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்தார் ஓர் அம்மையார். "இது எங்க தாத்தா காலத்துப் பழம் ஐயா" என்றார் பெருமையோடு. கடல் கடந்து மலாய்த் தீவுகளிலிருந்து வந்த பழம் அது. பழத்தோடு நமக்கென்ன பகை? வாங்கினோம், உண்டோம்.

மேற்கே செங்கோட்டை. 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். அவ்வூரின் வாஞ்சிநாதன்தான் 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷைச் சுட்டவர். அவர் துணிவை வியக்கிறேன். அவர் சட்டைப்பையில் இருந்த கடிதம் பேசிய சனாதனத்தை ஏற்கமாட்டேன். இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும் தோழர்களே! செங்கோட்டைக்கு அப்பால், 1904இல் மலையைக் குடைந்து கொல்லம் வரை இருப்புப்பாதை போட்டனர். பதின்மூன்று கண் பாலத்தைப் பார்த்துப் பார்த்து வியக்கிறோம். பாறை பிளந்தவன் பெயர் எந்தத் தூணிலும் இல்லை.

இனி, நான் தலைகுனிந்த கதைக்கு வருகிறேன்.

கட்டபொம்மன் நாடகம் எழுதி முப்பது மேடை கண்டவன் நான். அருவிக்கரையில் பெரியவர் என்னைப் பார்த்தார். "தம்பி, உன் நாடகத்தில் குற்றாலம் எந்தக் காட்சியில் வருகிறது?" என்றார். வரவேயில்லையே! நான் திரையைத் தூக்கியதே இராமநாதபுரத்தில்!

1798ஆம் ஆண்டு. கிஸ்தி பாக்கி என்று சொல்லிக் கட்டபொம்மனை இராமநாதபுரத்தில் வந்து காணுமாறு ஆணையிடுகிறார் ஆட்சியர் ஜாக்சன். ஆணையிட்டவர் அங்கே இருந்தாரா? இல்லை! ஊர் ஊராகச் சுற்றப் புறப்பட்டுவிட்டார். பாளையக்காரர் தேடி வருகிறார், இதே குற்றாலத்திற்கு. காண மறுக்கிறார் ஜாக்சன். சொக்கம்பட்டி, சிவகிரி, திருவில்லிபுத்தூர் என்று ஜாக்சனின் குதிரைக்குளம்பு பதிந்த வழியெல்லாம் பாஞ்சாலங்குறிச்சியான் பின்தொடர்கிறார். ஏறத்தாழ 400 மைல் அலைச்சல் என்பர் வரலாற்றாசிரியர். செப்டம்பரில், இராமநாதபுரத்தில், நிற்க வைத்தே விசாரணை! பிறகுதான் கைகலப்பு, லெப்டினன்ட் கிளார்க்கின் சாவு, அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டமை எல்லாம். ஜாக்சனின் நடத்தை தவறென்று கும்பினியே கண்டு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. ஆனாலும் ஓராண்டு கழித்து, 1799 அக்டோபர் 16இல், கயத்தாற்றில் தூக்குக்கயிறு.

"வாள்சண்டையை எழுதிவிட்டாய். வாயிலில் நின்றதை விட்டுவிட்டாயே!" என்றார் பெரியவர்.

உண்மை. வாளுக்குக் கைதட்டல் கிடைக்கும் என்று எழுதினேன். காத்திருப்புக்கு யார் கைதட்டுவார்? ஆனால் எண்ணிப் பாருங்கள். பீரங்கி முழங்குவதற்கு ஓராண்டு முன்பே, மூடிய கதவு ஒன்றைக் கொண்டு நடத்திய போர் அது. வா என்று அழைத்து, வந்தவனைப் போ என்பது! "நீ எனக்கு நிகரில்லை" என்பதை வாய் திறவாமல் சொல்வது! அதைக் கண்ட எட்டயபுரம் போன்ற பாளையங்கள் கும்பினியின் பக்கமே நின்றன. அதையும் என் நாடகத்தில் மெல்ல மறைத்திருந்தேன். கதைநாயகனைச் சுற்றித் தமிழர் அனைவரும் திரண்டதுபோல் காட்டினால் காட்சி அழகாக இருக்குமல்லவா!

மறுநாள் ஒரு வேலையாக ஓர் அலுவலகத்திற்குச் சென்றேன். எந்த ஊர், எந்தத் துறை என்று கேட்காதீர்கள். முதியோர் உதவித்தொகைக்கு மனுக்கொடுக்க வந்த மூதாட்டி ஒருவர் காலை பத்து மணி முதல் படிக்கட்டில் அமர்ந்திருந்தார். உள்ளே மின்விசிறி சுழன்றது. "துரை இன்னும் வரலையா தம்பி?" என்று கேட்டார். துரை! 1947இல் கப்பலேறிய சொல் என்றல்லவா எண்ணியிருந்தேன்!

அதிகாரியை ஏசிவிட்டு இறங்கிவிடலாம், நீங்களும் கைதட்டுவீர்கள். ஆனால் நம் மன்றத்து வாயிலிலும் மனுவோடு நிற்கிறார்களே, அவர்களை எத்தனை மணி நேரம் நிற்க வைக்கிறோம்? போன மாதம் நானே ஒரு நெசவாளத் தோழரை, ஒத்திகை நடக்கிறது என்று சொல்லி, மாலை வரை நிற்க வைத்தேன். அவர் கோபிக்கவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

அந்தத் தோழரின் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டு வந்தேன். குற்றாலக் காட்சியையும் எழுதி முடித்துவிட்டேன். அதில் வசனம் குறைவு, வாயிலில் நிற்பதே அதிகம். அடுத்த ஞாயிறு, இதே திடலில் நாடகம். ஆறு மணிக்குத் திரை உயரும். காக்க வைக்கமாட்டேன்.